நாற்று சுருண்டால், மாடு அசை போடாவிட்டால்: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

பாலக்கோட்டுக்கும் இராயக்கோட்டைக்கும் நடுவில் எங்கள் நிலம். நிழல்வலைக் குடிலில் தக்காளி, மிளகாய், கத்தரி நாற்று. அதிலிருந்து இருபது அடி தள்ளி மாட்டுக் கொட்டகை. நாலு கறவை, இரண்டு கன்று. இரண்டுக்கும் ஒரே போர்வெல், ஒரே குப்பைமேடு, வேலைக்கும் அதே இரண்டு பேர்தான். இந்தப் பக்கத்தில் நாற்று விடுகிற பல வீடுகள் இப்படித்தான் இருக்கின்றன. அதனால் நாற்றையும் மாட்டையும் பிரிக்காமல் ஒன்றாகவே எழுதுகிறேன்.

காலை ஆறு மணிக்கே போன் வரும். "அண்ணா, நாத்து மஞ்சளா போயிடுச்சு, என்ன மருந்து அடிக்கலாம்?" சாயங்காலம் இன்னொருவர் கூப்பிடுவார். "மாடு தண்ணி காட்டினா மூஞ்சியத் திருப்பிக்குதுண்ணா, என்ன ஊசி போடச் சொல்லலாம்?" இரண்டு பேரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: கடைசிப் பத்து நாளில் என்ன மாறியது? தென்னை நார்க்கழிவு மூட்டை மாறியதா, தீவன மூட்டை மாறியதா, கிணற்றுத் தண்ணீர் வற்றிப் போருக்கு மாறினீர்களா, தண்ணீர் ஊற்றுகிற ஆள் ஊருக்குப் போய்விட்டாரா? பெரும்பாலும் விடை அதில் கிடைத்துவிடும். மாட்டின் பெரிய வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் புதுத் தீவனத்துக்குப் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். குழித்தட்டின் ஒரு குழியில் இருப்பதோ ஒரு பிடி நார்க்கழிவு. அதில் நேற்று செய்த தவறு நாளையே இலையில் தெரியும்.

எதையும் ஊற்றுவதற்கு முன்

முதலில் தள்ளி நின்று பாருங்கள். எல்லாத் தட்டும் ஒரே மாதிரி வாடியிருந்தால் தண்ணீர், உரம், நார்க்கழிவு இந்த மூன்றில் ஒன்று. அங்கங்கே திட்டுத் திட்டாக இருந்தால் நோய் அல்லது பூச்சி. ஓரத்துத் தட்டுகள் மட்டும் என்றால் காற்றும் வெயிலும், அல்லது பூவாளி அங்கே எட்டுவதில்லை. மாட்டிலும் அப்படியே. ஒரு மாடு மட்டும் சுணங்கினால் அந்த மாட்டைப் பார்க்க வேண்டும். எல்லா மாடும் ஒரே நாளில் பால் குறைத்தால் தீவன மூட்டையைப் பிரித்து முகர்ந்து பாருங்கள்.

அப்புறம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பூஞ்சை மருந்து, பூச்சி மருந்து, டானிக் மூன்றையும் கலந்து அடித்துவிட்டால், நாற்று தேறினாலும் எதனால் தேறியது என்று தெரியாது. அடுத்த முறையும் மூன்றுக்கும் காசு கொடுப்போம்.

விதை முளைக்கவே இல்லை, அல்லது பாதிதான் முளைத்திருக்கிறது

முளைக்காத குழியைக் குச்சியால் கிளறி விதையை எடுங்கள். விதை காய்ந்து கல் மாதிரி இருந்தால் ஈரம் போதவில்லை. நசுக்கினால் கூழாக வந்தால் ஈரம் மிஞ்சிவிட்டது. விதையே காணோம் என்றால் எறும்பு, எலி. பாகல், புடலை, பூசணி விதைத்த தட்டுகளை எலி ஒரே இரவில் காலி செய்யும்.

தக்காளி விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போடக் கூடாது. விதைத்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி பாலித்தீன் தாள் போர்த்தி வைக்கிறோம். அந்தச் சூட்டில் 3 முதல் 6 நாளில் தக்காளி முளை காட்டும். மிளகாய்க்குக் கூடுதல் நாள் வேண்டும், பொறுமை வேண்டும். மூன்றாம் நாளிலிருந்து தினமும் காலையில் திறந்து பாருங்கள். முளை தலை நீட்டிய அன்றே தட்டைப் பிரித்துப் பரப்ப வேண்டும். ஒரு நாள் தாமதித்தால்கூட நாற்று இருட்டில் நூலாக நீண்டுவிடும், அப்புறம் அதை நிமிர்த்த முடியாது.

நாற்று கழுத்தில் ஒடிந்து விழுகிறது

நாற்றங்காலில் மிகுதியாக இழப்பைத் தருவது இதுதான். நேற்று மாலை நன்றாக நின்ற தட்டில், காலையில் உள்ளங்கை அளவு இடத்தில் எல்லாம் சாய்ந்து கிடக்கும். ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். இலை பச்சையாகவே இருக்கும். நார்க்கழிவைத் தொடும் இடத்தில் தண்டு மட்டும் நீர் கோத்து, பழுப்பாகி, நூலால் இறுக்கிக் கட்டியது போல் ஒடுங்கியிருக்கும். அப்படி இருந்தால் அது நாற்றழுகல். பித்தியம் போன்ற பூஞ்சைகள் செய்கிற வேலை. ஒடுங்காமல் தண்டு கடிபட்டிருந்தால் புழு அல்லது வெட்டுக்கிளி, அதற்கு இந்த வைத்தியம் கிடையாது.

நாற்றழுகல் என்றால் அன்றே செய்ய வேண்டியது: பாதித்த தட்டைத் தனியே எடுத்துக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோங்கள். விழுந்த நாற்றைக் குழியோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள், குப்பைமேட்டில் போட வேண்டாம். அன்று மாலைத் தண்ணீரை நிறுத்துங்கள். காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து, மீதித் தட்டுகளில் வேர்ப்பகுதி நனைய ஊற்றுங்கள்.

மருந்து பரவலை நிறுத்தும், ஆனால் காரணம் அப்படியேதான் இருக்கும். எங்கள் குடிலில் இது திரும்பத் திரும்ப வந்தபோது வேலை செய்யும் அக்காவிடம் கேட்டேன். "சாயந்தரம் போறப்ப ஒருவாட்டி ஊத்திட்டுத்தான் போறேன் தம்பி, ராத்திரி காயக் கூடாதுன்னு" என்றார். அக்கறையாகச் செய்ததுதான். ஆனால் இரவு முழுக்க ஈரத்தில் நின்ற நாற்றுக்கு அதுவே வினையாகிவிட்டது. காலைத் தண்ணீர் மட்டும் என்று மாற்றினோம். வெயில் கடுமையான நாளில் மூன்று மணிக்குள் இன்னொரு முறை. தட்டுகளைத் தரையிலிருந்து கம்பி மேடைக்கு ஏற்றினோம், அடியில் காற்று ஓடியது. பழைய தட்டுகளைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் முக்கிக் கழுவி, வெயிலில் காயவைத்த பிறகே விதைக்கிறோம். விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சை கிலோவுக்கு 4 கிராம். இவ்வளவு செய்த பிறகு காப்பர் பொட்டலத்தைப் பிரிக்கிற வேலை மிகவும் குறைந்துவிட்டது.

இலை ஓரம் கருகுகிறது, நாற்று வளராமல் அப்படியே நிற்கிறது

முளைப்பு நன்றாக இருக்கும். இரண்டு இலை விட்டதும் நின்றுவிடும். பத்து நாள் ஆனாலும் அதே உயரம். விதையிலை ஓரம் தீய்ந்த மாதிரி இருக்கும். நாற்றை மெல்ல இழுத்தால் நார்க்கழிவு உதிர்ந்துவிடும், வெள்ளை வேர் பின்னியிருக்காது, நுனி பழுப்பாக இருக்கும். இது உப்பு.

ஒரு கோடையில் வழக்கமான இடத்தில் நார்க்கழிவு கிடைக்காமல் வேறோர் இடத்தில் வாங்கினேன். மூட்டையில் 'கழுவியது' என்று எழுதியிருந்தது, நம்பினேன். மிளகாய் நாற்று முந்நூறு தட்டு அப்படியே நின்றுபோனது. உரம் போதவில்லை என்று நினைத்து 19:19:19 கலப்பு உரம் ஊற்றினேன். உப்பின் மேல் இன்னும் உப்பு. நான்காம் நாள் மொத்தமும் கருகியது. முன்பணம் கொடுத்த விவசாயிகளுக்கு நாற்றுக்குப் பதில் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர்கள் இழந்த பருவத்தைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் மனது கனக்கிறது.

தென்னை நாரில் சோடியமும் குளோரைடும் இயல்பாகவே இருக்கும். கடலோரப் பகுதியிலிருந்து வந்ததிலும், உப்புத் தண்ணீரில் ஊறிய மட்டையிலிருந்து எடுத்ததிலும் இன்னும் கூடும். சோதிப்பது எளிது. ஒரு பங்கு நார்க்கழிவை ஐந்து பங்கு மழைநீரிலோ கேன் தண்ணீரிலோ ஊறவைத்துப் பிழியுங்கள். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் கையடக்க இ.சி. மீட்டரால் அந்தத் தண்ணீரை அளந்து பாருங்கள். 0.5க்குள் (mS/cm அளவில்) இருந்தால் நிம்மதி. 1ஐத் தாண்டினால் நல்ல தண்ணீரில் மீண்டும் மீண்டும் அலச வேண்டும். இ.சி. மீட்டர் இல்லாமல் நாற்று விடுவதை நான் இப்போது யாருக்கும் சொல்வதில்லை. ஒரு தட்டு நாற்று விற்ற காசில் வாங்கிவிட முடியாதுதான், ஆனால் ஒரு முறை காப்பாற்றினால் போதும்.

நார்க்கழிவு சரி, ஆனாலும் கருகுகிறதா? அப்படியானால் போர்த் தண்ணீரை அளந்து பாருங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் கோடையில் போரின் நீர்மட்டம் இறங்க இறங்க உப்பு ஏறும். மார்ச்சில் சரியாக இருந்த தண்ணீர் மே மாதத்தில் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ பையூர் ஆராய்ச்சி நிலையத்திலோ கேட்டால் மண், நீர் பரிசோதனைக்கு வழி சொல்வார்கள். கருக ஆரம்பித்த தட்டுக்கு நல்ல தண்ணீரை அடித் துளை வழியாக ஒழுகும் அளவுக்கு இரண்டு முறை ஊற்றி உப்பை இறக்குங்கள். உரத்தை ஒரு வாரத்துக்கு மறந்துவிடுங்கள்.

மஞ்சள்

எந்த இலை மஞ்சள் என்பதுதான் கேள்வி. கீழ் இலை முதலில் வெளுத்தால் தழைச்சத்து பசி. தக்காளி என்றால் விதைத்த 18ஆம் நாள் 19:19:19 லிட்டருக்கு 5 கிராம் வீதம் ஊற்றினால் மூன்று நாளில் நிறம் திரும்பும். மேல் குருத்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு. இரும்பு இல்லை என்பதைவிட, தண்ணீரில் காரத்தன்மை கூடியதால் வேரால் அதை எடுக்க முடியவில்லை என்பதே சரி. செலேட் வடிவ இரும்பு லிட்டருக்கு அரை கிராம் தெளித்துப் பாருங்கள். தண்ணீரின் பி.எச். 8ஐத் தொட்டால் தொட்டியில் மழைநீர் சேர்த்துக் கலந்து பயன்படுத்துவதுதான் நிலையான வழி.

மேலும் கீழும் ஒன்றாக வெளுத்து, குழியைத் தொட்டால் சொதசொதவென்று இருந்தால் சத்துப் பிரச்சினையே இல்லை. வேர் மூச்சு விட முடியவில்லை. ஒரு நாள் காயவிடுங்கள்.

இலையின் அடிப்பக்கம் ஊதா

மார்கழி, தை மாதங்களில் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இது வழக்கம். குளிரில் வேர் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுக்காது. உரத்தைக் கொட்ட வேண்டாம். வெயில் ஏறிய பிறகு, தொட்டியில் நின்ற தண்ணீரை ஊற்றுங்கள். குளிர் விட்டதும் தானே மாறும்.

நெடுநெடுவென வளர்ந்து தொய்கிறது

வெளிச்சம் போதவில்லை. 50 சதவீத நிழல்வலை போதும். சிலர் வெயிலுக்குப் பயந்து இரண்டு அடுக்குப் போடுகிறார்கள், அதை எடுங்கள். நடவுக்குக் கொடுப்பதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரைக் குறைத்து, வெயிலைக் காட்டிக் கடினப்படுத்த வேண்டும். 25 நாள் தக்காளி நாற்று குட்டையாக, தண்டு பென்சிலில் பாதித் தடிமனாக, கருநீலப் பச்சையில் நின்றால் எடுத்துப்போகிறவர் மறுபடி வருவார்.

இலை சுருள்கிறது

இங்கே இரண்டு வேறு சங்கதிகள் ஒரே பெயரில் வருகின்றன. இலை சிறுத்து, மேல்நோக்கிக் கிண்ணம் போல் மடிந்து, வெளிறி, செடி குட்டையாக நின்றால் இலைச்சுருள் நச்சுயிரி. வெள்ளை ஈ கொண்டுவருவது. நச்சுயிரிக்கு மருந்து கிடையாது, யார் விற்றாலும் வாங்காதீர்கள். பிடுங்கி மூடி எடுத்துப்போய் அழித்துவிட்டு, பூச்சி புகாத 40 கண்ணி வலையில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். குடிலுக்கு இரட்டைக் கதவு வையுங்கள். குடிலைச் சுற்றிப் பழைய தக்காளிச் செடி ஒன்றுகூட நிற்கக் கூடாது. நாற்றில் தொற்றியது பல நேரம் நட்ட பிறகுதான் தெரியும். விவசாயி அப்போது நம்மைத்தான் கேட்பார், கேட்பதும் நியாயம்தான்.

இலை ஒடுங்கி நாடா போல் நீண்டு, நரம்புகள் நேர்க்கோடாக ஓடி, தண்டு முறுக்கிக்கொண்டால் அது களைக்கொல்லி. சோளக்காட்டிலோ கரும்பிலோ 2,4-டி அடித்த தெளிப்பானைக் கழுவி எடுத்து வந்து நாற்றுக்குப் பயன்படுத்தியிருப்பார்கள். தக்காளிக்கு அதன் வாடையே போதும். எவ்வளவு கழுவினாலும் அந்தத் தெளிப்பானை நம்பாதீர்கள். நாற்றுக்குத் தனித் தெளிப்பான், அதில் சிவப்பு பெயிண்டில் ஒரு கோடு.

குடிலுக்கும் கொட்டகைக்கும் நடுவில்

இதை அறிகுறி என்று சொல்ல முடியாது, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. யூரியா மூட்டையை மாடு எட்டாத இடத்தில் வையுங்கள். உப்பு நாடும் மாடு நக்கிவிட்டால் சிறிது நேரத்தில் நடுங்கி, வாயில் நுரை தள்ளி, வயிறு உப்பி விழும். சிவப்பு, நீலம் என்று மருந்து பூசிய விதையில் மிஞ்சியதைக் கோழிக்கும் போடக் கூடாது, தவிட்டிலும் கலக்கக் கூடாது. மருந்து கலந்த வாளியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கூடாது. அடையாளத்துக்கு வாளியின் கைப்பிடியில் துணி கட்டி வைத்திருக்கிறோம். கொட்டகையிலிருந்து வரும் சாணம் நன்றாக மக்காமல் நாற்றுக்குப் போகக் கூடாது, பச்சைச் சாணத்தின் சூடு இளம் வேரைச் சுட்டுவிடும்.

அசை போடவில்லை, சாணம் இளகிப் புளித்த வாடை

மாட்டின் இடது பக்கம், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் கைமுட்டியை அழுத்தி வையுங்கள். இரண்டு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். நலமான மாட்டில் அலை எழுந்து முட்டியைத் தள்ளுவது போல இரண்டு மூன்று முறையாவது தெரியும். தெரியவே இல்லை என்றால் பெரிய வயிறு நின்றிருக்கிறது. படுத்திருக்கும் மாடு ஒரு கவளத்தை 50, 60 தடவை மென்று விழுங்கும். அந்த எண்ணிக்கை குறைந்தாலே நார்ச்சத்து போதவில்லை என்று கொள்ளலாம்.

எங்கள் பக்கத்தில் இது எப்போது வருகிறது என்றால், முகூர்த்தம் கழிந்த மறுநாள். மண்டபத்தில் மிஞ்சிய சோறு, சாம்பார், பாயசம் எல்லாம் அண்டாவோடு மாட்டுத் தொட்டிக்கு வரும். வீணாகக் கூடாதே என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அவ்வளவு மாவுச்சத்தும் ஒரே நேரத்தில் வயிற்றில் இறங்கினால் புளித்து அமிலமாகும். சில மணி நேரத்தில் மாடு சோர்ந்து, பல் நறநறத்து, நடை தள்ளாடி, சாம்பல் நிறத்தில் நுரைத்துக் கழியும். கேழ்வரகு மாவு, அரிசி, சோளக் குருணை எதை அளவின்றித் தின்றாலும் இதுவே. இது உயிர் போகிற நோய். சோற்றையும் அடர்தீவனத்தையும் (தவிடு, பிண்ணாக்கு போன்றவை) உடனே நிறுத்தி, முன்னால் வைக்கோலோ கேழ்வரகுத் தாளோ (கதிர் அறுத்த காய்ந்த தட்டை) போட்டுவிட்டு, கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கும் 1962க்குக் கூப்பிடுங்கள். நிற்க முடியாத மாட்டுக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக் காலத்தில் கூழ் ஆலைத் தோலும் கொட்டையும் மலிவாகக் கிடைக்கும். அதையும் பிடி பிடியாகப் பழக்கினால் தீவனம், ஒரே நாளில் கொட்டினால் இதே நோய். கொட்டையை முழுசாகப் போடவே கூடாது. தொண்டையில் அடைத்தால் மாடு கழுத்தை நீட்டி எச்சில் ஒழுக நிற்கும், வயிறும் உப்பும். கம்பை விட்டுத் தள்ளாதீர்கள், மருத்துவர் வரட்டும்.

தக்காளி விலை விழுந்த வாரத்தில் மாடு கழிகிறது, பாலும் குறைகிறது

இதை நான் வேறெங்கும் யாரும் எழுதிப் பார்த்ததில்லை, ஆனால் நம் ஊரில் ஆண்டுதோறும் நடக்கிறது. பாலக்கோட்டிலும் இராயக்கோட்டையிலும் தக்காளி பறிகூலிக்கும் கட்டாத நாட்களில் பெட்டி பெட்டியாக மாட்டுக்கு வரும். மாடு ஆசையாகத் தின்னும், வயிறும் நிறைந்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். தக்காளியில் நூற்றுக்கு 94 பங்கு தண்ணீர். 20 கிலோ தின்ற மாட்டுக்குக் கிடைத்த உலர்பொருள் (தண்ணீர் போக மிஞ்சுவது) 1,200 கிராம். 400 கிலோ எடையுள்ள கறவைக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 12 கிலோ உலர்பொருள் வேண்டும். வயிறு நிறைந்த மாடு பட்டினி கிடக்கிறது, பால் குறையாமல் என்ன செய்யும்?

நான் வைத்திருக்கும் அளவு இது: முதல் நாள் ஒரு கிலோ, ஒரு வாரத்தில் மெல்ல ஏற்றி நாலு கிலோவோடு நிறுத்துவேன். அதுவும் காலையில் தாள் தின்று முடித்த பிறகுதான். பழுத்த பழம் மட்டும். பச்சைக் காயிலும் செடி, இலையிலும் டொமாட்டின் என்ற நஞ்சு இருக்கிறது, காட்டை அழிக்கும்போது கொடியோடு மாட்டை விடாதீர்கள். பூசணம் பிடித்ததை ஒதுக்குங்கள். மருந்து அடித்துக் காத்திருப்பு நாள் முடியாத பழம் நாம் தின்னத் தகாதது என்றால் மாட்டுக்கும் தகாது, அந்தப் பாலை நம் பிள்ளைகள்தானே குடிக்கிறார்கள்.

ஏற்கெனவே கழிகிற மாட்டுக்குத் தக்காளியை நிறுத்திவிட்டு இரண்டு நாள் தாளும் தண்ணீரும் தாராளமாகக் கொடுங்கள். சாணம் கட்டும். கட்டாமல் இரத்தமோ சளியோ கலந்து வந்தால் தக்காளி மேல் பழி போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

இடது வயிறு பானை போல் உப்புகிறது

பனி ஈரத்தோடு குதிரைமசால், அவரைக் கொடி, காராமணி போன்ற பயறுவகைத் தீவனத்தை வெறும் வயிற்றில் மேய்ந்ததால் வரும். முன்கால் மேடான இடத்தில் இருக்கும்படி மாட்டை நிறுத்தி, மெல்ல நடக்க வையுங்கள். விழுங்கக் கூடிய நிலையில் இருந்தால் கால் லிட்டரிலிருந்து அரை லிட்டர் வரை கடலை எண்ணெய் நுரையை அடக்கும். மூச்சு வாங்கினால் ஒரு நிமிடமும் தாமதம் கூடாது. இனிமேல் தாள் தின்ற பிறகு, வாடிய தீவனமாகக் கொடுங்கள்.

ஆனால் மேய்ந்துகொண்டிருந்த மாடு திடீரென மூச்சிரைத்து, நடுங்கி, விழுந்தால் வேறு கதை. வாயின் உள்தசை செக்கச்செவேல் என்று இருக்கிறதா பாருங்கள். மழை பொய்த்து வாடி நின்ற இளஞ்சோளம், வெட்டிய சோளத்தின் மறுதாம்பு, மரவள்ளி இலை ஆகியவற்றில் உள்ள சயனைடு செய்யும் வேலை அது. மருத்துவரிடம் போனில் "சோளம் மேய்ந்தது" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், அவர் அதற்கான ஊசியோடு வருவார். சோளத்தைப் பூக்கும் வரை மேய விடாமல் வைத்திருப்பது நல்லது. மரவள்ளி இலையை வாடக் காயவைத்தே போட வேண்டும்.

பால் இருக்கிறது, கொழுப்பு இல்லை

பால் சொசைட்டியில் கொழுப்பு அளவு குறைந்தால் நாம் உடனே பிண்ணாக்கைக் கூட்டுகிறோம். கொழுப்பு குறைவுக்குப் பெரும்பாலும் காரணம் நார்ச்சத்து குறைவு. தாள் குறைந்து அடர்தீவனம் மிஞ்சினால் அசை போடுவது குறையும், எச்சில் குறையும், பால் கொழுப்புக்கான மூலப்பொருள் வயிற்றில் உருவாகாது. பராமரிப்புக்கு ஒன்றரை கிலோ, பால் இரண்டரை லிட்டருக்கு ஒரு கிலோ என்ற கணக்குக்கு மேல் அடர்தீவனம் போக வேண்டியதில்லை. தாளை முதலில் போடுங்கள், தீவனத்தை அப்புறம். கேழ்வரகுத் தாள் கிடைக்கிற ஊரில் இருக்கிறோம். வைக்கோலைவிடச் சுண்ணாம்புச் சத்து கூடிய தாள் அது, அதை விற்றுவிட்டு வைக்கோல் வாங்காதீர்கள்.

இன்னொன்று. கறவையின் கடைசிப் பாலில்தான் கொழுப்பு மிகுதி. முதலில் நாம் கறந்துகொண்டு, கடைசியில் கன்றை விட்டால் கொழுப்பு கன்றுக்குப் போகும். கன்று தேறட்டும், அதில் தவறில்லை. ஆனால் மாட்டுக்குக் குறை என்று நினைத்துவிடாதீர்கள்.

சுவரை நக்குகிறது, துணி, எலும்பு தின்கிறது

தாது உப்புப் பற்றாக்குறை, குறிப்பாக மணிச்சத்து. கூடவே குடற்புழுவும் இருக்கலாம். கறவைக்கு நாளுக்கு 50 கிராம் தாது உப்புக் கலவை, கன்றுக்கு 10 கிராம். தனியாக 30 கிராம் சமையல் உப்பு. ஒன்றுக்கு இன்னொன்று ஈடாகாது. கோதுமைத் தவிடு, அரிசித் தவிடு இரண்டிலும் மணிச்சத்து உண்டு. முதலில் சாணப் பரிசோதனை, பிறகு குடற்புழு மருந்து, பிறகு தாது உப்பு என்ற வரிசை நல்லது. புழுவை வைத்துக்கொண்டு தாது உப்புப் போட்டால் பாதி அதற்கே போகும்.

பல்லில் பழுப்புக் கறை, நடையில் விறைப்பு

நம் மாவட்டத்து நோய் இது. தர்மபுரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு கூடுதல். மனிதர்களுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. மாடுகள் இன்னும் போர்த் தண்ணீரையே குடிக்கின்றன. மனிதர் குடிக்கும் நீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் எல்லை. கறவைக்கு நாளுக்கு 60 லிட்டருக்கு மேல்கூடத் தண்ணீர் தேவை என்பதால், சிறிய அளவும் சேர்ந்துகொண்டே போகும். வெட்டுப் பல்லில் சுண்ணாம்பு வெள்ளைப் புள்ளி, பழுப்புக் கோடு, வயதுக்கு மீறிய தேய்மானம், எழுந்திருக்கத் தயங்குவது, கால் மாற்றி மாற்றி ஊன்றுவது ஆகியவை அடையாளம்.

கறை பிடித்த பல் திரும்பாது. ஆனால் பல் உருவாகும் பருவத்தில்தான் இந்தக் கறை ஏறுகிறது. அதனால் ஒகேனக்கல் தண்ணீரோ மழைநீரோ கொஞ்சமாக இருந்தால் அதைக் கன்றுக்கும் கிடாரிக்கும் முதலில் கொடுங்கள். நாங்கள் கொட்டகைக் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்திருக்கிறோம், நாற்றுக்கும் கன்றுக்கும் அதுதான். மலிவான தாது உப்பில் சுத்திகரிக்காத பாறைப் பாஸ்பேட் கலந்திருந்தால் அதிலும் ஃப்ளோரைடு வரும். பெயர் தெரியாத மூட்டையை இந்த ஊரில் வாங்கக் கூடாது.

கன்று ஈன்ற மாடு எழவில்லை

ஈன்று மூன்று நாளுக்குள், காது சில்லென்று, கழுத்து ஒரு பக்கமாக மடிந்து படுத்திருந்தால் சுண்ணாம்புச் சத்து இரத்தத்தில் சரிந்துவிட்டது. வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை. நெஞ்சை ஊன்றி உட்காரும்படி இரண்டு பக்கமும் மூட்டை அண்டக் கொடுத்து, ஊசிக்கு ஆள் அனுப்புங்கள். நேரத்தோடு போட்டால் பல மாடுகள் அன்றே எழுந்து நிற்கும்.

கன்று கழிகிறது

பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்ததா என்பதுதான் முதல் கேள்வி. 30 கிலோ கன்றுக்கு முதல் நாளில் 3 லிட்டராவது போயிருக்க வேண்டும். போகாத கன்றுக்கு நோய் எதிர்ப்பு குறைவு, அதை எப்போதும் தனியாகவே கவனியுங்கள். குடித்த கன்றும் வெள்ளையாகக் கழிந்தால் பால் அளவு மிஞ்சியதா, பாத்திரம் கழுவாமல் இருந்ததா, ஆறிய பாலைக் கொடுத்தோமா என்று பாருங்கள். பத்தாம் நாளுக்கு மேல் வயிறு பெருத்து, முடி சிலிர்த்து, களிமண் நிறத்தில் கழிந்தால் குடற்புழு. எடைக்கேற்ற குடற்புழு மருந்தை மருத்துவர் சொல்வார்.

கழிகிற கன்றுக்கு உயிர் போவது தண்ணீர் வற்றுவதால்தான். பாலை முழுதும் நிறுத்திவிடாமல், நடுவில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் உப்பு, சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். கழுத்துத் தோலைக் கிள்ளி விடுங்கள். உடனே மடிப்பு மறைந்தால் நேரம் இருக்கிறது. மடிப்பு கூடாரம் மாதிரி நின்றால், கண் உள்ளே போயிருந்தால், கழுவிய விரலை வாயில் வைத்துப் பாருங்கள். சப்பினால் கரைசலைத் தொடருங்கள். சப்பவில்லை என்றால் வாய் வழியாகக் கொடுப்பது இனி எட்டாது, இரத்தக் குழாயில் ஏற்ற வேண்டும், விடியும் வரை காத்திருக்க வேண்டாம்.